ரே மிஸ்டீரியோ இத்தனை வருடம் தாங்கியது எப்படி?

வேலூர் மாவட்டம் பள்ளிகொண்டாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: பையனுக்கு 15 வயது, உயரம் ஐந்தடி மூன்றங்குலம், முகமூடி போட்டு ஆடும் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த வீரர் ரே மிஸ்டீரியோ என்றால் உயிர். சாயங்காலமானால் கூட்டாளிகளோடு பாலாற்றில் இறங்கி மணல்மேட்டிலிருந்து பல்டி அடிக்கிறான். அந்த மிஸ்டீரியோ எப்படி மேலே வந்தார், உயரம் கம்மியானவன் அந்தத் தொழிலில் நிற்க முடியுமா, இவனைத் தடுப்பதா விடுவதா?

ஆற்றுப் பல்டியை இன்றைக்கே நிறுத்துங்கள். ஆசையை மட்டும் நிறுத்த வேண்டாம். மிஸ்டீரியோ இவ்வளவு காலம் தாங்கியதற்கு இரண்டு காரணங்கள்: அவரைத் தாங்கிப் பிடித்த ஆட்கள் கெட்டிக்காரர்கள்; முட்டி போகப் போக அவர் தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். மணல்மேட்டில் உங்கள் பையனுக்கு இந்த இரண்டுமே கிடையாது.

அவருடைய இயற்பெயர் ஆஸ்கர் குட்டியெரெஸ். 1974 டிசம்பர் 11 அன்று கலிபோர்னியாவில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய சூலா விஸ்டாவில் பிறந்தவர். எல்லைக்கு அந்தப் பக்கம் டிஹுவானாவில் அவருடைய மாமா ரே மிஸ்டீரியோ என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்தார். பயிற்சி கொடுத்தவரும் அவர்தான், பெயரைக் கொடுத்தவரும் அவர்தான். ஜூனியர் என்ற ஒட்டு அப்படி வந்தது. முதல் ஆட்டம் 1989ல், வயது 14. இதைப் பையன்கள் பெருமையாகச் சொல்வார்கள்: "அவர் பதினாலிலேயே ஆரம்பித்தார், எனக்குப் பதினைந்து ஆகிவிட்டது." மாமா பக்கத்தில் நின்று தினமும் விழச் சொல்லிக்கொடுத்த பிள்ளையோடு, வீடியோ பார்த்துக் குதிக்கும் பிள்ளையை ஒப்பிட முடியாது.

மெக்சிகோவின் தொழில்முறை மல்யுத்தமான லூச்சா லிப்ரேயில் சிறிய உடம்பு ஒரு குறை கிடையாது. அங்கே எடை குறைந்தவர்களின் வேகமான ஆட்டத்துக்கு நீண்ட மரபு உண்டு. எதிராளிகளும் அதே அளவு, அதே வேகம். 1992லிருந்து ஏ.ஏ.ஏ. என்ற நிறுவனத்தில் ஆடினார். 1995ல் அமெரிக்காவின் இ.சி.டபிள்யூ. என்ற மல்யுத்த நிறுவனத்தில் சிகோசிஸ் என்ற மெக்சிகோக்காரரோடு மோதிய ஆட்டங்கள் பேர் வாங்கித் தந்தன. 1996 ஜூனில் டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்துக்கு வந்து, அடுத்த மாதமே டீன் மாலென்கோவிடமிருந்து எடை குறைந்தவர்களுக்கான குரூசர்வெயிட் பட்டத்தை வாங்கினார். நம்மூரில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்டு வைத்து விளையாடிய தலைமுறைக்குத் தெரியும், ஹைட், வெயிட் கேட்டால் தோற்கிற கார்டு இது. ஐந்தடி ஆறங்குலம், 79 கிலோ என்று அறிவிக்கப்பட்ட உடம்பு.

எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டிய ஆட்டம் 1997 அக்டோபர் 26 அன்று லாஸ் வேகாஸில் எடி கெரேரோவுக்கு எதிராக ஆடியது. எடியின் பட்டத்துக்கு எதிராக மிஸ்டீரியோ தன் முகமூடியைப் பந்தயம் வைத்தார். முகமூடியோடு சேர்த்துத் தைத்த ஊதா நிற முழு உடை அணிந்திருந்தார். எடி ஆட்டம் முழுக்க அதைப் பிடித்துக் கிழித்துக்கொண்டே இருந்தார். கடைசிக் கட்டத்தில் மூலைக் கம்பத்தின் மேல் ஏறி நிற்கும் எடி, மிஸ்டீரியோவைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் கீழே அடிக்கப் பார்க்கிறார். அந்த உயரத்திலேயே மிஸ்டீரியோ எடியின் தலையைக் கால்களால் கவ்விச் சுழற்றிக் கீழே கொண்டுவந்து, அப்படியே அழுத்தி ஜெயிக்கிறார்.

அந்த ஒரு நொடியை மெதுவாக ஓட்டி, மிஸ்டீரியோவை விட்டுவிட்டு எடியை மட்டும் பாருங்கள். கால்கள் கழுத்தில் விழுந்ததும் எடி தன் உடம்பைத் தானே முன்னுக்கு எறிகிறார். தாடையை மார்போடு ஒட்டி, முதுகு பட விழும்படி தானே சுழல்கிறார். ஹரிகேன்ரானா என்ற இந்தக் கால்பிடிச் சுழற்சியில் பாதிக்கு மேல் வேலை கீழே இருப்பவருடையது. இந்தத் தொழிலில் அவரை பேஸ் என்பார்கள். அவர் பறப்பவரின் தொடையைப் பிடித்து நிலைப்படுத்த வேண்டும், சுழற்சியைத் தானே தொடங்க வேண்டும், சரியான நேரத்தில் விட வேண்டும். சீக்கிரம் விட்டால் பறப்பவர் தலைகீழாகத் தரையில் இறங்குவார். தாமதமாகச் சுழன்றால் பேஸின் கழுத்து மடங்கும். முடிவு முன்கூட்டியே பேசி வைத்தது என்பதை வைத்து "சும்மா நடிப்பு" என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை: உடம்பு விழுகிற உயரமும் எடையும் யாரும் பேசி வைத்ததல்ல.

கயிறுகளுக்கு இடையே புகுந்து ரிங்குக்கு வெளியே தலைமுதலாகப் பாயும் டோப்பே என்ற பாய்ச்சலிலும் இதே கதைதான். வெளியே நிற்பவர் நெருங்கி நின்றால் பாய்பவரின் தலை அவர் மார்பில் இடிக்கும். தள்ளி நின்றால் கைக்கு எட்டாமல் தரையில் விழுவார். பிடிக்கும்போது இரண்டு கைகளும் அக்குளுக்கும் மார்புக்கும் கீழே போய், பிடித்த வேகத்தோடு தானும் பின்னால் சாய வேண்டும். விறைத்து நின்று பிடித்தால் இருவருக்கும் அடி. பாய்பவர் பக்கத் தவறு அநேகமாகக் கால் கட்டைவிரலில்தான் நடக்கிறது. பின்கால் நடுக்கயிற்றில் ஒரு நொடி தட்டினால் போதும், முன்னுக்குப் போக வேண்டிய வேகம் எல்லாம் கீழ்நோக்கித் திரும்பிவிடும்.

இனி விழுகிற கணக்கு. மேல்கயிற்றிலிருந்து எம்பிக் குதிப்பவரின் இடுப்பு சுமார் இரண்டரை மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகம் 10 சென்டிமீட்டருக்குள் நின்றால், நிற்கிற நேரத்தில் உடம்பு தாங்கும் சராசரி விசை எடையைப் போல ஏறக்குறைய 25 மடங்கு. 25 சென்டிமீட்டரில் நின்றால் 10 மடங்கு. ரிங்கின் வேலை அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதுதான். டபிள்யூ.டபிள்யூ.இ. ரிங் 20 அடிக்கு 20 அடி. இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, பலகை மேல் மெல்லிய நுரைப்பாய், அதன் மேல் கேன்வாஸ். பலகை வளைந்து சத்தம் போடும், கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். மெத்தை கிடையாது. மீதியைக் கீழே படுத்திருப்பவரின் உடம்பும், பறப்பவரின் உள்ளங்கை, முழங்கை, முட்டியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. மேலிருந்து பின்பல்டியாக விழும் மூன்சால்ட், வயிறு பட விழும் ஸ்பிளாஷ் போடுபவர்களுக்கு முதலில் முட்டி போவது இதனால்தான்: எதிராளியின் நெஞ்சில் முழு எடையும் இறங்காமலிருக்கத் தன் முட்டியைத்தான் தரைக்குக் கொடுக்கிறார்கள்.

பாலாற்று மணல் மெத்தென்று இருக்கும் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. காய்ந்து பொடியாகக் கிடக்கும் மேல்மணலில் கால் புதையும், அதனால் எம்பும்போது உயரம் கிடைக்காது. பாதிச் சுழற்சியிலேயே தலை கீழே வந்துவிடும். ஈரமணல் இறுகிக் கிடக்கும், இறங்கும் இடத்தில் விட்டே கொடுக்காது. மணல் அள்ளிய பகுதிகளில் அடியில் கல்லும் கட்டாந்தரையும் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

தேர்ந்தவர்களுக்கே என்ன நடந்தது என்று பாருங்கள். ஜப்பானின் ஹயபூசா 2001 அக்டோபர் 22 அன்று, பலமுறை போட்ட அதே மூன்சால்டைக் கயிற்றிலிருந்து எம்பிப் போடும்போது கால் வழுக்கித் தலையில் விழுந்தார். கழுத்து முறிந்து உடம்பு செயலிழந்தது. 2003 மார்ச் 30, டபிள்யூ.டபிள்யூ.இ.யின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியா 19ல் பிராக் லெஸ்னர், கர்ட் ஆங்கிளுக்கு எதிராக ஷூட்டிங் ஸ்டார் பிரஸ் முயன்றார். முன்னோக்கித் தாவி, பின்னோக்கிச் சுழலும் பல்டி அது. பயிற்சிக் காலத்தில் அவர் போட்டதுதான். அன்றைக்கு ஆங்கிள் மூலையிலிருந்து வெகுதூரத்தில் படுத்திருந்தார். நீண்ட ஆட்டத்தின் கடைசி, உடம்பெல்லாம் வியர்வை, களைப்பு. தூரத்தை எட்டுவதற்காக முன்னுக்குத் தள்ளியதில் சுழற்சி முடியாமல் நெற்றி தரையில் இடித்தது. தலைக்குள் அதிர்ச்சி, ஆனாலும் எழுந்து ஆட்டத்தை முடித்தார். சுழற்சியும் தூரமும் ஒரே தாவலின் பலத்தைப் பங்கு போடுபவை, ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். மணலில் பல்டி அடிக்கும் பையன்கள் "இன்னும் தூரமா போடுறா" என்று பந்தயம் கட்டுவதில் இருக்கிற ஆபத்து இதுதான்.

மிஸ்டீரியோவுக்கும் முட்டிதான் கணக்கைக் காட்டியது. பலமுறை அறுவை சிகிச்சை. 2011ல் ஜவ்வு கிழிந்து அடுத்த ஆண்டு வரை ஆட முடியவில்லை. இதற்கு நடுவில் அவர் செய்த மாற்றத்தை நான் அவருடைய பட்டங்களை விடப் பெரிதாக நினைக்கிறேன். டபிள்யூ.சி.டபிள்யூ. காலத்தில் அவருடைய முடிப்பு அடி கயிற்றின் மேல் ஏறித் தாவிப் போடும் ஹரிகேன்ரானா. 2002 ஜூலையில் டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு வந்தபின் ஆட்டத்தின் அடையாளம் 619 ஆனது. சான் டியாகோ வட்டாரத் தொலைபேசிக் குறியீடு அது. எதிராளி நடுக்கயிற்றில் கழுத்து வெளியே தொங்க விழுவார். மிஸ்டீரியோ எதிர்ப்பக்கக் கயிற்றில் மோதித் திரும்பி ஓடி வருவார். ஒரு கை மேல்கயிறு, ஒரு கை நடுக்கயிறு. இரண்டுக்கும் இடையில் உடம்பை வெளியே வீசி, கயிற்றை அச்சாக வைத்துச் சுற்றி வந்து இரண்டு காலாலும் முகத்தில் உதைப்பார். இந்த அடிக்கு மூலம், டைகர் மாஸ்க் என்ற பெயரில் ஜப்பானில் முதலில் ஆடிய சதோரு சயாமா 1980களில் பாய்வது போல ஏமாற்றக் கையாண்ட சுழற்சி. அதைப் பார்க்கிற கண்ணுக்கு மிஸ்டீரியோ பறக்கிறார். உண்மையில் எடை முழுவதும் கையிலும் கயிற்றிலும் தொங்குகிறது, உயரத்திலிருந்து விழுவது இல்லை, இறங்குவது காலில். ஆட்டத்தில் பெரிய பாய்ச்சல்களின் எண்ணிக்கை போகப் போகக் குறைந்தது.

619லும் ஆபத்து இல்லாமல் இல்லை, அது கயிற்றில் விழுபவரின் பக்கம் இருக்கிறது. 2015 மார்ச் 20 அன்று டிஹுவானாவில் நடந்த ஆட்டத்தில் மிஸ்டீரியோவின் உதையை வாங்கிக் கயிற்றில் விழுந்த பெர்ரோ அகுவாயோ ஜூனியர், கழுத்தெலும்பு முறிந்து இறந்துபோனார். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அசைவற்றுத் தொங்கியவரைப் பார்த்து, ஆட்டத்தின் பகுதி என்று நினைத்து மற்றவர்கள் சிறிது நேரம் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இதற்காகத்தான் பயிற்சி பெற்றவர்கள் பிடியில் இருக்கும்போதே ஒருவர் கையை ஒருவர் அழுத்திப் பார்க்கிறார்கள். பதில் அழுத்தம் வந்தால் நலம். வராவிட்டால் நடுவர் தலைக்கு மேல் கைகளைக் குறுக்காகக் காட்டுவார், ஆட்டம் நிற்கும்.

மற்ற மைல்கற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999 பிப்ரவரியில் டபிள்யூ.சி.டபிள்யூ. அவருடைய முகமூடியைக் கழற்ற வைத்தது. லூச்சா மரபில் வந்தவருக்கு அது பெரிய இழப்பு, நிறுவனத்துக்கும் ஒரு லாபமும் வரவில்லை. டபிள்யூ.டபிள்யூ.இ.யில் முகமூடி திரும்பியது. 2006 ஜனவரியில், ஒருவர் பின் ஒருவராகப் பலர் இறங்கி மோதும் ராயல் ரம்பிளில் மிஸ்டீரியோ இரண்டாவது ஆளாக இறங்கி 62 நிமிடம் 12 நொடி நின்று ஜெயித்தார். அன்றைக்கு அது சாதனை. ஏப்ரல் 2 அன்று ரெஸில்மேனியா 22ல் ஆங்கிளையும் ராண்டி ஆர்ட்டனையும் ஒருசேர எதிர்த்து உலகப் பட்டம் வாங்கினார். 2021ல் மகன் டொமினிக்கோடு இணைப் பட்டம், டபிள்யூ.டபிள்யூ.இ.யில் அப்பா மகன் இருவரும் சேர்ந்து இணைப் பட்டம் பெற்றது அதுதான் முதல் முறை. 2023 மார்ச் 31 அன்று ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம், மறுநாள் ரெஸில்மேனியாவில் அதே மகனோடு மோதல். 2024 ரெஸில்மேனியாவிலும் ஆடினார், வயது 49. ஆக, உயரம் பற்றிய கேள்விக்குப் பதில்: நிற்க முடியும். ஆனால் 62 நிமிடம் நிற்கிற மூச்சும், பெரிய உடம்புக்காரர்கள் நம்பித் தூக்குகிற அளவுக்குத் துல்லியமும் வேண்டும்.

இனி உங்கள் பையன். வேலூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, அதை யாரும் இதோடு சேர்த்து யோசிப்பதில்லை: பளுதூக்குதல். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். எம்பும் பலமும் இறங்கும்போது முட்டி நேராக நிற்கிற பழக்கமும் அந்த விளையாட்டில்தான் சேர்ந்து வரும். பயிற்சியாளர் இருக்கிற கூடத்தில் வெறும் கம்பியோடு தொடங்கி, முறை சரியான பிறகு எடை கூட்டட்டும். கூடவே மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ், மல்யுத்தப் பயிற்சி எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். கர்ட் ஆங்கிள் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வாங்கிவிட்டுத்தான் இந்த ரிங்குக்கு வந்தார்.

வீட்டில் செய்யக்கூடியது: 30 சென்டிமீட்டர் உயரப் பலகையிலிருந்து இறங்கி, சத்தம் வராமல் இரண்டு காலிலும் நிற்பது. ஐந்து தடவை, மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு நாள். முட்டிகள் உள்பக்கம் சாய்கிறதா என்று முன்னால் நின்று செல்போனில் எடுத்துப் பாருங்கள், முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிவது பெரும்பாலும் அந்தச் சாய்விலும் முறுக்கிலும்தான். சாயாமல் இறங்க வந்த பிறகே உயரத்தைக் கூட்ட வேண்டும். கழுத்துக்கு, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளி, தலை அசையாமல் பத்து நொடி எதிர்ப்பது. அதேபோல் பின்தலை, இரு பக்கம். மூன்று முறை போதும். தலைகீழாக நின்று கழுத்தில் எடை போடும் பழைய பயிற்சி இந்த வயதில் வேண்டாம்.

விழக் கற்பது, பம்ப் என்பார்கள், பயிற்சிப் பாய் விரித்த இடத்தில் தெரிந்தவர் மேற்பார்வையில் மட்டும். குந்திய நிலையிலிருந்துதான் தொடக்கம்: தாடை மார்போடு, மூச்சை வெளியே விட்டபடி, மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படவேண்டும், கைகள் உடம்பிலிருந்து 45 பாகையில் உள்ளங்கை கீழாகப் பாயை அறைய வேண்டும். பையன்கள் செய்யும் முதல் தவறு, பயத்தில் கையைப் பின்னால் ஊன்றுவது. மணிக்கட்டும் முழங்கையும் அப்படித்தான் முறிகின்றன. அடுத்தது உட்காருவது போல விழுவது, வால் எலும்பில் அடி. மூன்றாவது தாடை நிமிர்ந்து பின்தலை இடிப்பது. ஒரு நாளைக்கு ஐந்திலிருந்து பத்து விழுதல் போதும். தலை வலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

பிளஸ் டூ முடித்து, 18 வயதும் ஆன பிறகு ரிங் பள்ளி பற்றி யோசிக்கலாம். ஜலந்தரில், டபிள்யூ.டபிள்யூ.இ.யில் ஆடிய இந்திய வீரர் தி கிரேட் காளி தொடங்கிய சி.டபிள்யூ.இ. என்ற பயிற்சிப் பள்ளி 2015லிருந்து இருக்கிறது. டபிள்யூ.டபிள்யூ.இ. 2019ல் மும்பையில் தேர்வு முகாம் நடத்தியது. எந்தப் பள்ளியானாலும் சேருமுன் நேரில் போய் ஒரு வகுப்பை முழுக்கப் பாருங்கள்: புதியவர்களை முதல் மாதத்திலேயே மேல்கயிற்றில் ஏற்றினால் அந்த இடம் வேண்டாம், விழுவதையும் பேஸ் வேலையையும் பல மாதம் சொல்லிக்கொடுத்தால் நல்ல இடம்.

கடைசியாக, பையனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. ஆழம் தெரியாத கிணற்றில் தலைகீழாகக் குதிப்பது, மரத்திலிருந்து விழுவது என்று கழுத்து முறிவுக்கு நம் பக்கத்துக் காரணங்கள் ஏற்கெனவே நிறைய. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் 1966ல் தொடங்கியது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954 கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். தண்டுவடக் காயத்துக்குப் பின் ஒரு மனிதர் எவ்வளவு உழைத்து வாழ்க்கையைத் திரும்பக் கட்ட வேண்டும் என்பது அந்த வளாகத்துக்குப் போய்வந்த குடும்பங்களுக்குத் தெரியும்.

யாராவது தலையில் விழுந்து, கழுத்து வலி, கை கால் மரத்தல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, கால் அசையாமை இதில் ஒன்று இருந்தாலும் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. தண்ணீர் கொடுக்கக் கூடாது. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகவே கூடாது. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையைக் கிடந்தபடியே அசையாமல் பிடித்திருக்க, இன்னொருவர் 108க்குச் சொல்ல வேண்டும். வண்டி வரும்வரை பிடியை விடக் கூடாது. வலி இல்லை என்று எழுந்துவிட்டாலும், வாந்தி, தூக்கக் கலக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. மருத்துவர் சொல்லும்வரை கபடி, கிரிக்கெட் எதுவும் வேண்டாம். முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அடி பட்டால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.